தொட்ட கை

மனைவி தட்டைக் கொண்டுவந்து வைத்ததுமே அவன் அவள் கைகளை உற்றுப் பார்த்தான்.

"சோப்புப் போட்டுக் கை கழுவினியா?"

"மூணு தடவை கழுவியாச்சு."

அவள் மசாஜ் பயிற்சியில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. வேர்வை நாறும் முதுகு, எண்ணெயில் ஊறிய தொப்பை, வெடித்துப் போன குதிகால் என்று ஊரார் உடம்பையெல்லாம் அவள் பிசைந்துவிட்டு வருவதை நினைத்தாலே அவனுக்கு மேலெல்லாம் கூசியது.

"இன்னிக்கு யாரோட உடம்பு?"

"ஒரு லாரி டிரைவர். இடுப்புப் பிடிப்பு, பாவம்."

"சீ! கண்டவனைத் தொட்ட கையால எனக்குப் பரிமாறாதே. இன்னியோட அந்தப் படிப்பை நிறுத்து. இல்லேன்னா உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பு."

அவள் உள்ளே போய், அவன் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் காக்கிச் சட்டையை இஸ்திரி மடிப்புக் கலையாமல் எடுத்துவந்து நாற்காலியில் வைத்தாள். 'பிணவறை உதவியாளர்' என்ற பட்டை அதன் பையில் பளிச்சென்று தெரிந்தது.

"பன்னெண்டு வருஷமா உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன். என்னிக்காவது முகம் சுளிச்சிருக்கேனா?"

அவன் பட்டை தெரியாதபடி சட்டையைத் திருப்பி வைத்தான்.

"நாளைக்கும் நான் போவேங்க. நான் தொடுற உடம்புல உயிராவது இருக்கு."