கருங்காலி

"அக்கா, கடைசியா கேக்கறேன். வெளிய வர்றியா, இல்லையா?"

பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸ் வாசலில் நின்று மகா கத்தினாள்.

உள்ளே ரோஜா வரிசைகளுக்கு நடுவே தனக்கோடி நிமிரவே இல்லை. கத்திரி சரக் சரக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க போங்க மகா. எனக்கு வேலை கிடக்கு."

"மணி அஞ்சாயிடுச்சு. அஞ்சு மணிக்கு மேல ஒரு பூவைத் தொட மாட்டோம்னு மத்தியானம் சாப்பிடறப்ப எல்லாரும் சேர்ந்துதானே முடிவு பண்ணோம்?"

"நான் அப்பவே இன்னிக்கு வேணாம்னு சொன்னேன் இல்ல?"

"ஏன் வேணாம்னு கேட்டா வாயைத் திறக்கலையே!"

தனக்கோடி அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

ஹெப்பகோடி தாண்டி இருக்கிற அந்த ரோஜாத் தோட்டத்தில் முப்பத்திரண்டு பெண்கள். காதலர் தினத்துக்கு இன்னும் நாலே நாள். பத்து நாளாகக் காலை எட்டு மணிக்குக் குனிந்தால் ராத்திரி ஏழரைக்குத்தான் நிமிர்கிறார்கள். கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்டால், ஓனர் ரகுராம் சிரிப்பார்.

"அதெல்லாம் பேக்டரிக்கும்மா. தோட்ட வேலைக்கு ஏது ஓவர்டைம்?"

தோட்ட வேலைக்கும் சட்டத்தில் ஓவர்டைம் உண்டு என்று யூனியன்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து மகாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்றைக்கு எல்லோரையும் கிளப்பிவிட்டாள்.

முப்பத்தொரு பேர் கேட்டுக்கு வெளியே வந்துவிட்டார்கள்.

"வேணும் வேணும்!"

"ஓவர்டைம் வேணும்!"

"பேக்கே பேக்கு!"

தமிழில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம். பாதிப் பேர் கோஷம் போடுவது இதுதான் முதல் முறை. தொண்டை கட்டிக்கொண்டது. ஆனாலும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பு அடங்கவில்லை. ரோட்டில் போன ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து உற்சாகப்படுத்த, சத்தம் இன்னும் ஏறியது.

லட்சுமம்மா மட்டும் உள்ளே பார்த்துத் துப்பினாள். "தூ! கருங்காலி. ஓனருக்கு ஜால்ரா."

சத்தம் கேட்டு ரகுராம் ஓடி வந்தார். கேட்டுக்கு வெளியே கூட்டத்தைப் பார்த்ததும் முகம் சிவந்தது. உள்ளே ஒருத்தி வேலை செய்வதைப் பார்த்ததும் மலர்ந்தது.

"பாத்தீங்களா? அவளுக்கு இருக்கற விசுவாசத்துல கால்வாசியாவது உங்களுக்கு இருக்கா?" என்றவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "தனக்கோடி! எட்டு மணிக்கு லாரி வந்துடும். அதுவரைக்கும் நிறுத்தாம வெட்டு!"

"சரிங்க சார்."

மகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் பலமாகக் கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து ஜீப் ஒன்று வந்து நின்றது. தொழிலாளர் துறை ஜீப். அதிகாரி மமதா இறங்கினார்.

"நம்ம சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டுடுச்சுடீ!" என்று ஒருத்தி கூவ, கூட்டம் கை தட்டியது. மகா முன்னால் ஓடினாள். ஆனால் ரகுராம் முந்திக்கொண்டார்.

"வாங்க மேடம். யாரோ பொய் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்க. இங்க அஞ்சு மணிக்கு மேல யாருமே வேலை செய்யறதில்ல. இப்ப மணி அஞ்சரை. நீங்களே பாருங்க, எல்லாரும் கேட்டுக்கு வெளியில நிக்கறாங்க!"

கோஷம் சட்டென்று நின்றது.

மகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே வந்து நின்றதே ஓனருக்குச் சாட்சியாகப் போய்விட்டதே!

"மேடம், இன்னிக்கு மட்டும்தான் மேடம்... தினமும் ஏழரை ஆகும்..."

"ஆதாரம் இருக்காம்மா?" என்று ரகுராம் சிரித்தார்.

எல்லோரும் வாயடைத்து நின்ற அந்த அமைதியில், உள்ளேயிருந்து கேட்டது.

சரக். சரக்.

"அது என்ன சத்தம்?" என்றார் மமதா.

ரகுராம் குறுக்கே வருவதற்குள் அவர் பாலிஹவுஸுக்குள் போய்விட்டார். முப்பத்தொரு பேரும் திமுதிமுவென்று பின்னாலேயே ஓடினார்கள்.

"எத்தனை மணியிலேர்ந்து வேலை செய்யறீங்கம்மா?"

"காலையில எட்டு மணியிலேர்ந்துங்க."

"இந்த நேரத்துல யார் செய்யச் சொன்னது?"

"சார்தாங்க. இப்பத்தான் சொன்னாரு, இவங்க எல்லார் காதுலயும் விழற மாதிரி." தனக்கோடி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "பத்து நாளா எல்லாருக்கும் இதே கதைதாங்க."

மமதா போனில் படம் எடுத்தார். நேரம் குறித்தார். வாக்குமூலம் எழுதினார். பிறகு ரகுராம் பக்கம் திரும்பினார்.

"தோட்ட வேலையா இருந்தாலும் ஓவர்டைம் ஓவர்டைம்தான் சார்."

அரை மணி நேரத்தில் பத்து நாள் ஓவர்டைமையும் கொடுப்பதாக ரகுராம் கையெழுத்துப் போட்டார். தோட்டமே அதிர்ந்தது. லட்சுமம்மா விசில் அடித்தாள். யாரோ மகாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்கள்.

மூச்சு வாங்க, மகா ஜீப்பிடம் ஓடினாள்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்! எங்க நல்ல நேரம், அந்தக் கருங்காலி பயந்துகிட்டு உள்ளேயே இருந்துட்டா. இல்லேன்னா இன்னிக்கு நாங்க தோத்திருப்போம்!"

ஜீப்பில் ஏறப் போன மமதா நின்றார். சுற்றிலும் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்களை அப்படிச் சொல்லாதீங்கம்மா. கம்ப்ளெயின்ட் குடுத்ததே அவங்கதான். இன்னிக்கு சாயந்திரம் சோதனைக்கு வர்றேன், தெரிஞ்சா ஓனர் காதுக்குப் போயிடும், யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு நான்தான் சொல்லியிருந்தேன். மத்தியானம் போன் பண்ணி, 'எங்க பொண்ணுங்க ஸ்ட்ரைக்னு கிளம்பிட்டாங்க மேடம், தடுக்க முடியல. என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும், நீங்க வர்றப்ப நான் ஒருத்தியாவது உள்ள வேலை செஞ்சுக்கிட்டிருப்பேன்'னு சொன்னாங்க."