பெருமாநல்லூரிலிருந்து ஓர் இணைப்பு

கம்ப்யூட்டர் திடீரென்று அலறியது. பெருமாநல்லூர் தையல் யூனிட்டின் சர்வர், வேலம்பாளையம் ஆபீஸ் சர்வரோடு இணைந்துவிட்டதாகத் திரை சொன்னது.

முதலாளி சிவராஜ் பாய்ந்து வந்தார். "அந்த யூனிட்டு தீயில போயி ஒரு மாசமாச்சு. பாஸ்வேர்ட எவனுக்கு அம்மிணி வித்த?"

சித்ரகலாவுக்கு முகம் சிவந்தது. வெளியார் எட்டிப் பார்க்க முடியாதபடி இரண்டு சர்வர்களுக்கும் நடுவே வி.பி.என். பாதை போட்டவள் அவள்தான். பாஸ்வேர்டு அவளுக்கும் அந்த சர்வருக்கும் மட்டுமே தெரியும். அந்த சர்வரோ கருகிப்போய் அவள் மேஜைக்கு அடியில் கிடந்தது.

"நான் திருடி இல்லீங்க! அவசர ஆர்டருன்னா டெய்லருங்கள உள்ள வெச்சுப் பூட்டறது நீங்கதானுங்க."

"தீப்பிடிச்ச அன்னிக்குப் பூட்டவே இல்லைன்னு போலீசுல சொல்லியாச்சில்ல? வேலை உனக்கு இன்னியோட சரி."

அவள் ஆத்திரத்தோடு நெட் வயரைப் பிடுங்கி எறிந்தாள். இணைப்பு அறுபடவில்லை. டெய்லர்கள் தைத்து முடித்த பீஸ் கணக்கு திரையில் ஏறிக்கொண்டே இருந்தது.

"அங்க எவன் உக்காந்திருக்கான்னு நீங்களே கேளுங்க!" என்று யூனிட்டின் பழைய போன் நம்பரை அடித்து ஸ்பீக்கரை அழுத்தினாள்.

யாரோ எடுத்தார்கள். தையல் மிஷின்களின் இரைச்சல் கேட்டது. பிறகு, தீயில் இறந்துபோன உசிலம்பட்டி டெய்லர் ஒச்சாயியின் குரல் வந்தது.

"தாயி, மொதலாளி பக்கத்துல இருக்காகளா? ஆர்டரு முடிஞ்சிருச்சு, பூட்டத் தொறந்துவிடச் சொல்லு."