நான்கு மூலைக் கைக்குட்டை

கோமோ நகரத்தில், கோட்டுப் பையில் செருகும் பட்டுக் கைக்குட்டைகளை வடிவமைப்பவன் ஃபுல்வியோ. புது மாதிரியை அவன் மேசையில் விரித்ததும் மனைவி ஒர்னெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மூலைக்கு ஒரு நிறமா? யாரு அந்தக் கஞ்சன்? நாலு வாங்க மனசு வரலையா?"

"அவனுக்கு ஒண்ணு போதும். எந்த நிறம் வெளிய தெரியணுமோ அப்படி மடிச்சுக்கலாம்."

"சிவப்பு கல்யாணத்துக்கு, நீலம் ஆபீசுக்கு. அப்படித்தானே?"

"இல்ல. நீலம் தெரிஞ்சா காபி குடிச்சாச்சு, திரும்பக் கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு அர்த்தம். காபிக் கடை டீனோகிட்ட சொல்லி வெச்சிட்டேன்."

"என்ன உளர்றே?"

"பச்சைன்னா தனியா விடக் கூடாது, வழி மறந்துடுவான். பார்க்கிறவங்க அவனை வீட்டுல கொண்டுவந்து விடணும். சிவப்புன்னா ப்ரூனோவைத் தேடிட்டுத் திரியறான். 'இப்பதான் இந்தப் பக்கம் போனார்'னு சொல்லி அனுப்பணும்."

ஒர்னெல்லாவின் சிரிப்பு நின்றது. ப்ரூனோ, ஃபுல்வியோவின் செத்துப்போன அண்ணன்.

"போன வாரம் ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போனே?" என்றாள் மெல்ல.

"இன்னும் கொஞ்ச காலத்துக்கு ஞாபகம் இருக்குமாம். அதான் அவசரமா வரைஞ்சு முடிச்சேன்."

அவள் நான்காவது மூலையைத் தொட்டாள். அது வெறும் வெள்ளை. "இது?"

"அது உனக்காக. என்னைக்காவது காலையில எழுந்து, நீ யாருன்னு உன்னையே நான் கேட்டா, வெள்ளையை வெளிய வெச்சு மடிச்சு விடு. அன்னிக்கு ஊர்ல ஒருத்தரும் உன்கிட்ட, 'புருஷன் எப்படி இருக்கார்'னு கேக்க மாட்டாங்க."