ஆறாவது புள்ளி

விசாரணையில் மாரியாயி சொன்னதை, தோட்டப் பாடசாலையின் கணித ஆசிரியர் தினேஸ் சேர் ஏழு வருசமாக நம்பவில்லை. மறுத்துக் கேட்கவும் இல்லை. கேட்காமல் இருந்தது அவருக்கு வசதியாக இருந்தது.

ஏழு வருசத்துக்கு முந்தைய அந்த ஐப்பசியில், தேயிலைத் தோட்டத்தில் அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்பு விழுந்தது. கொழுந்து பறித்துத் திரும்பும்போது மாரியாயி அதை அளந்து, ஒரு தாளில் எழுதி, சேரிடம் கணிதம் படிக்கும் மகள் விதுஷாவிடம் கொடுத்தனுப்புவாள்.

இரண்டு, மூன்று, நாலரை, ஏழு, பத்து சென்டிமீட்டர். நாளுக்கு ஒன்றரை மடங்கு. சேர் மடக்கைக் கணக்குப் போட்டு, ஐந்து புள்ளிகளுக்கும் ஒரு வளைகோட்டைப் பொருத்தினார். ஒரு மீட்டரானால் மலை நிற்காது; அதற்கு இன்னும் ஐந்து நாளாவது ஆகும் என்றது கோடு.

"ஞாயித்துக்கெழம எல்லாரும் ஸ்கூலுக்கு வந்துருங்க. அதுவரைக்கும் பயமில்ல," என்றார். லயமே நம்பியது.

ஆறாம் நாள் வந்த தாளில் இருபத்துநாலு என்று இருந்தது. கோட்டின்படி பதினைந்துதான் வர வேண்டும். படிக்காத பொம்பளை, மழையில் பிழையாக அளந்திருப்பாள் என்று அந்தப் புள்ளியை விட்டுவிட்டார். கோடு அழகாகப் பொருந்தியது.

மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தபோது மண் சரிந்தது. கால் முறிந்து லயத்தில் படுத்திருந்த முருகையா மண்ணோடு போய்விட்டார். மாரியாயியின் புருசன்.

விசாரணையில் அதிகாரி தாளைக் காட்டி, இந்த அளவை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று சேரிடம் கேட்டார். அவர் வாய் திறக்குமுன் மாரியாயி எழுந்தாள்.

"மழைக்குப் பயந்து அன்னைக்கு நான் மேல போகலைங்க. வாய்க்கு வந்தத எழுதிக் குடுத்துட்டேன்."

சேரின் வேலை தப்பியது. புருசன் உசிரைவிட மழை பெருசாகிவிட்டதா என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்திலேயே லயத்து ஆட்கள் அவளைக் குத்திக் காட்டினார்கள். அவள் சேரிடம் கேட்டது ஒன்றுதான்.

"புள்ளைக்குக் கணக்கு மட்டும் நிப்பாட்டிறாதீங்க சேர். நீங்க போயிட்டா இந்தத் தோட்டத்துக்கு வேற யாரு வருவா?"

போன வாரம் மாரியாயி தொதல் இனிப்போடு பாடசாலைக்கு வந்தாள். விதுஷாவுக்குக் கணித ஆசிரியர் நியமனம் கிடைத்துவிட்டதாம்.

சேர் தொதலைத் தொடவில்லை. மேசை லாச்சியைத் திறந்து, விசாரணை முடிந்து திரும்பி வந்த அந்த ஆறாம் நாள் தாளை எடுத்தார். ஓரத்தில் பெருவிரல் அகலத்துக்குக் காய்ந்த மஞ்சள் களி. அந்த மலையில் வெடிப்புக்குள்ளே மட்டுமே தெரிந்த மண்.

"மாரியாயிக்கா," என்றார். தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அன்னைக்கு மேல போகலைன்னா, இந்த மண்ணு எப்படி உங்க கையில ஒட்டுச்சு?"