யார் தடுத்தது

எங்கள் வீட்டில் பூக்காத செடியை மிரட்டுவது வழக்கம். இவர் அரிவாளை ஓங்கி, "இந்த வருஷமும் பூக்கலைன்னா வெட்டிடுவேன்" என்பார். நான் குறுக்கே போய், "வேண்டாங்க, பாவம், அடுத்த தடவை பூத்துடும்" என்று கெஞ்சுவேன். ஒருவர் ஓங்க வேண்டும், இன்னொருவர் தடுக்க வேண்டும். தடுக்க ஆளில்லாமல் மிரட்டினால் செடி பட்டுப்போய்விடும் என்பார் என் மாமியார்.

தங்கையின் பிரசவத்துக்காகத் தை மாதம் ஊருக்குப் போனவள் வைகாசியில்தான் திரும்பினேன். கேட்டைத் திறந்ததுமே பூவாசனை அடித்தது. வருஷக்கணக்காக மொட்டுகூட விடாத மனோரஞ்சிதம் பூத்திருந்தது. பாரிஜாதம் பூத்திருந்தது. கிணற்றடி மகிழமரம்கூட. பூட்டியே கிடந்த பக்கத்து வீட்டுக்கு யாரோ குடி வந்திருந்தார்கள். மாடிக் கொடியில் புடவை காய்ந்துகொண்டிருந்தது.

"செடியையெல்லாம் மிரட்டினீங்களா?"

"ம்."

"யார் தடுத்தது?"

"நானேதான். ரெண்டு குரல்லயும் பேசிக்கிட்டேன்" என்று சிரித்தார். போனில் நாலு வார்த்தை பேசவே கூச்சப்படுகிற மனுஷன்.

மதிலோரத்துச் செண்பகம் மட்டும் இன்னும் பூக்கவில்லை. அரிவாளை எடுத்துவந்து அதற்கு நேரே ஓங்கினேன். வாயைத் திறக்கவில்லை. அரிவாளின் நுனி மதிலுக்கு மேலே வெயிலில் மின்னியது. இவர் தடுப்பார் என்று பார்த்தேன். நகராமல் மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு, கொஞ்சலாகக் கேட்டது.

"வேண்டாங்க, பாவம், அடுத்த தடவை பூத்துடும்."