ஃப்ரெஸ்னோவில் வந்த சீட்டு

ஃப்ரெஸ்னோ தியேட்டரில் புதுப் படத்தை வெள்ளோட்டம் விட்டபோது ரசிகர்கள் கருத்து எழுதிப்போட்ட சீட்டுகளை, தயாரிப்பாளர் கிர்பி கதாசிரியை வெர்னாவின் மேஜையில் கொட்டினார்.

"படத்துல அந்த மேயர் லஞ்சம் வாங்குனாலும் புருஷன் புருஷன்தானேம்மா. பொண்டாட்டியே கோர்ட்ல காட்டிக்குடுக்குறது யாருக்கும் பிடிக்கல. முடிவை மாத்து."

"ஒருத்தருக்குக்கூடவா பிடிக்கல?"

"இருக்கான் ஒரு கிறுக்கன். 'அவள் செய்தது சரி. கடைசியில் அவளைத் தனியாக விட்டுவிடாதீர்கள்'னு எழுதியிருக்கான்."

வெர்னா சீட்டை வாங்கிப் பார்த்தாள். தன் சாட்சியால் ஜெயிலுக்குப் போய் இந்த வருஷம் விடுதலையான கணவனுக்கு அவள் ஒன்பது வருஷமாக எழுதிய கடிதங்களெல்லாம், உறைமேல் இதே சாய்ந்த கையெழுத்தில் 'வேண்டாம்' என்று எழுதி, பிரிக்கப்படாமலே திரும்பி வந்திருந்தன.

"சரி, மாத்திடறேன்" என்று தொப்பியை எடுத்தாள். "ஃப்ரெஸ்னோவுக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?"