பழைய டிரைவரைத் தூக்கணும்

"ஸ்டோரேஜ் டிரைவர்தான் தகராறு. பெரிசுக்கு ஒண்ணு, சின்னதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு டிரைவர் இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகாம முட்டிக்குது."

"எதைத் தூக்கணும்?" இது மேனேஜர் அம்மாவின் குரல். முதலில் பேசிய ஆண் குரல், ஸ்பீக்கரில் போட்டிருந்த போனிலிருந்து வந்தது.

"பெரிசுக்கு இருக்கிறது ரொம்பப் பழசு. சின்னதை வேலை செய்யவே விடமாட்டேங்குது. அதைத் தூக்கிடுங்க. புதுசு ஒண்ணு நான் அனுப்பறேன்."

ஜன்னலுக்கு வெளியே டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்த பெரிய வண்டிக்காரர் குனிந்தபடியே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு உள்ளே பேசியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

வீடு மாறுகிறவர்களின் கட்டில், பீரோக்களை வாங்கிப் பத்திரமாக வைத்துக் கொடுக்கும் கிடங்கு அது. வாசல் பலகையில் 'ஸ்டோரேஜ்' என்று எழுதியிருந்ததால் எல்லோருக்கும் அது ஸ்டோரேஜ்தான். அங்கே டிரைவர்கள் இரண்டே பேர். பெரிய வண்டிக்கு இவர். சின்ன வண்டிக்கு இவரைவிட வயதில் இளையவன் ஒருத்தன். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. அன்று காலையில்கூட வாசலில் யார் வண்டியை முதலில் நிறுத்துவது என்று கை நீட்டாத குறை.

அலுவலகக் கதவு படாரென்று திறந்தது. சின்ன வண்டிக்காரன் வெளியே வந்தான். இவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து போனான்.

'மூஞ்சியைப் பார்க்க முடியலை, பார். போட்டுக் கொடுத்ததே இவன்தான்.'

இந்த வயதில் யார் நம்பி வண்டி கொடுப்பார்கள்? வீட்டில் சம்பாதிக்கிறவர் இவர் ஒருவர்தான். நினைக்க நினைக்கக் கோபம் வந்தது.

மேனேஜர் அறைக்கு வெளியே நின்றே பேசிப் பழகியவர், அன்று கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தார்.

"அம்மா, நான் போக மாட்டேன்."

மேனேஜர் அம்மா லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். "எங்கே அண்ணே?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. எல்லாத்தையும் என் காதால கேட்டேன். நான் பழசுதான். இல்லேங்கலை. ஆனா இந்தச் சந்துல பெரிய வண்டியை ஒரு கீறல் விழாம ரிவர்ஸ்ல கொண்டாந்து விடறவன் இன்னைக்கும் நான் ஒருத்தன்தான். அந்தப் புதுசு வரட்டும், எடுத்துக் காட்டட்டும். நானே எறங்கிக்கிறேன்."

"ஒரு நிமிஷம் அண்ணே..."

"அரை நிமிஷமும் கிடையாது. போன்ல பேசினாரே அந்தப் பெரிய மனுஷர், அவருக்கு மரியாதை தெரியுமா? டிரைவர் 'இருக்கு'வாம், 'முட்டிக்குது'வாம். நாங்க என்ன ஆடா மாடா?"

மேசையில் கிடந்த போன், "ஹலோ, யாரது? ஹலோ!" என்றது. மேனேஜர் அம்மா அவசரமாக அதை அணைத்தார்.

"ஒருத்தரைத் தூக்கித்தான் ஆகணும்னா அவனைத் தூக்குங்க. போன மாசம் கண்ணாடி பீரோ ஒண்ணு உடைஞ்சுதே, ஏத்தினவங்க கயிறு சரியாக் கட்டலைன்னுதானே சொன்னான்? பச்சைப் பொய். கட்டினதே அவன்தான். எங்கேயோ பராக்குப் பார்த்துட்டு, சடார்னு பிரேக் அடிச்சு உடைச்சான். ஒருத்தன் பொழைப்புல மண்ணைப் போட வேண்டாமேன்னு இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டிருந்தேன். என் பொழைப்புலயே கை வச்ச பிறகு எனக்கென்ன?"

சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. கொட்டித் தீர்த்ததில் நெஞ்சு லேசானது போலவும் இருந்தது.

மேனேஜர் அம்மா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

"அண்ணே, இதுக்குள்ள எல்லாத்தையும் சேர்த்து வைக்கிற இடம் ரெண்டு இருக்கு. பெரிசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. அதுக்கும் ஸ்டோரேஜ்னுதான் பேரு. அதை வேலை செய்ய வைக்கிற புரோகிராமை டிரைவர்னு சொல்லுவாங்க. காலையிலேருந்து சின்னது கண்ணுலயே படலை. அதைத்தான் ரிப்பேர்காரர்கிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன். உங்களை யாரும் தூக்கலை."

பெரிய வண்டிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"டிரைவர்னு பேர் வைக்கணும்னு எவனுக்குத் தோணிச்சு? வேற பேரா கிடைக்கலை?"

"அதை நானும் கேக்கணும்" என்று சிரித்தார் மேனேஜர் அம்மா.

"சிரிங்கம்மா. ஆனா பீரோ விஷயம் சொன்னது சொன்னதுதான். அதுல ஒரு எழுத்துகூட மாறாது."

சிரிப்பு நின்றது. மேனேஜர் அம்மா மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இதை அவர்கிட்ட நீங்களே கொண்டு போய்க் குடுத்துடுங்க."

"சின்ன வண்டிச் சாவி இங்கே எப்படி வந்தது?"

"நான் போன் பேசிக்கிட்டிருக்கிறப்பவே உள்ளே வந்தார். எதுக்குக் கத்தறார்னு எனக்கு அப்ப ஒண்ணும் விளங்கலை, நீங்க வந்து பேசின பிறகுதான் விளங்குது. 'பெரியவரைத் தூக்கறதா இருந்தா என் வண்டிக்கும் வேற ஆள் பாத்துக்கோங்க'ன்னு சாவியை வீசிட்டுப் போயிட்டார்."